முகாமில் நாம் சொன்னது சரிதானா?

பள்ளிப் பல் பரிசோதனை முகாம்களுக்குப் போகும் பல் மருத்துவர்களுக்கும், பயிற்சி மருத்துவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



முகாம் முடிந்து வண்டி கிளம்பும் முன் நாம் எழுதும் அறிக்கை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. பார்த்த மாணவர்கள் இத்தனை பேர், சொத்தை உள்ளவர்கள் இத்தனை பேர், கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் இத்தனை பேர், கொடுத்த பற்பசையும் பிரஷ்ஷும் இத்தனை. கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து, பள்ளியின் முத்திரை. இந்த எண்களை நான் மதிக்கிறேன். பெஞ்சை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, காலையிலிருந்து குனிந்தே நின்றவர்களின் உழைப்பு அவற்றில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் ஒரு கேள்விக்கு இடமே இல்லை. நாம் சொத்தை என்று எழுதிய பல் உண்மையிலேயே சொத்தைதானா? ஒன்றும் இல்லை என்று வகுப்புக்குத் திருப்பி அனுப்பிய பிள்ளையின் வாயில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

பல்லைப் பார்த்தால் தெரியாதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பெரிய குழி விழுந்த பல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஐந்து ஆண்டுப் படிப்பு வேண்டாம், பிள்ளையின் பாட்டியே காட்டிவிடுவார். குழி விழுவதற்கு முந்தைய நிலையில்தான் நம் படிப்புக்கு வேலை. கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஓடும் பழுப்புக் கோடு வெறும் கறையா, அடியில் டென்டின் வரை அரித்துவிட்டதா? ஈறோரத்து வெள்ளைத் தடம் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறதா, எப்போதோ பரவி அடங்கிவிட்டதா? இந்தக் கேள்விகளில் நல்ல மருத்துவர்களே ஒருவருக்கொருவர் மாறுபடுகிறார்கள். 1997இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் போய்த் தன் வாயைத் திறந்து காட்டினார். ஒருவர் 500 டாலர் அளவுக்குச் சிகிச்சை சொன்னார். இன்னொருவர் கிட்டத்தட்ட 30,000 டாலருக்குச் சொன்னார். படித்தவர்கள் பேராசை என்று பேசினார்கள். பேராசையும் இருந்திருக்கலாம். ஆனால் பிடுங்கிய பற்களை மேசையில் அடுக்கி, பணப் பேச்சே இல்லாமல் மருத்துவர்களிடம் காட்டிய ஆய்வுகளிலும் மாறுபாடு வந்திருக்கிறது. அப்படியானால் நம் இலவச முகாமில் அது இருக்காது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்த மாறுபாட்டை அளக்க வழி உண்டு, புதியதும் அல்ல. ஒரே பிள்ளையை இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, பிறகு இரண்டு தாள்களையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் '90 விழுக்காடு ஒத்துப்போனது' என்ற வரியைப் பார்த்ததும் நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். நூறு பற்களில் ஒவ்வொருவரும் பத்தைச் சொத்தை என்று குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வாயையே பார்க்காமல் தோன்றிய பத்துப் பற்களைக் குறித்தால்கூட, சராசரியாக 82 பற்களில் ஒத்துப்போவார்கள். இருவரும் 'நல்ல பல்' என்று சொல்லும் வாய்ப்பு 0.9 × 0.9, இருவரும் 'சொத்தை' என்று சொல்லும் வாய்ப்பு 0.1 × 0.1, கூட்டினால் 0.82. தற்செயலுக்கு அது போக, திறமையைக் காட்ட மிஞ்சுவது 18 பற்கள்தான். 90 பற்களில் ஒத்துப்போனோம் என்றால், அந்த 18இல் நாம் சம்பாதித்தது 8. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. 1960இல் ஜேக்கப் கோஹன் வகுத்துத் தந்த 'கப்பா' என்ற அளவு இதுவே. 1977இல் லாண்டிஸ், கோக் இருவரும் தந்த தரவரிசையில் 0.44 நடுத்தரம். தொண்ணூறு என்று கேட்டபோது இருந்த நிம்மதி இப்போது இருக்கிறதா?

உலக சுகாதார நிறுவனத்தின் வாய்நல ஆய்வுக் கையேடு, பரிசோதிப்பவர்களை முதலில் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. ஆய்வு நடக்கும்போது 5 முதல் 10 விழுக்காட்டினரை மறுபடி பரிசோதிக்கவும் சொல்கிறது. நம் முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்காக இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆய்வேடு சமர்ப்பித்த மறுநாள் அதே மாணவர் அதே பள்ளிக்கு முகாமுக்குப் போனால், மறுபரிசோதனை என்ற பேச்சே இல்லை. காய்கறிக் கடைக்காரரின் தராசைக்கூட அரசாங்கம் குறித்த காலத்தில் சரிபார்த்து முத்திரை வைக்கிறது. ஒரு பிள்ளையின் பல்லில் துளை போடலாமா என்று தீர்மானிக்கும் கண்ணுக்கு அந்த முத்திரை வேண்டாமா?

துளை என்று சொன்னதால் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். 12 வயதுப் பிள்ளைகள் 50 பேர், ஆளுக்கு 24 பற்கள், மொத்தம் 1,200. அவற்றில் உண்மையிலேயே சொத்தையானவை 60 என்று கொள்வோம். பரிசோதிப்பவர் திறமைசாலி: சொத்தைப் பற்களில் 80 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிறார், நல்ல பற்களில் 95 விழுக்காட்டை நல்லவை என்றே சொல்கிறார். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அவர் 48 சொத்தையைப் பிடிக்கிறார், 12ஐ விட்டுவிடுகிறார். மீதி 1,140 நல்ல பற்களில் ஐந்து விழுக்காடு, அதாவது 57 பற்களைச் சொத்தை என்று குறிக்கிறார். ஆக அவர் குறித்த 105 பற்களில் 57 நல்ல பற்கள். பாதிக்கும் மேல். சொத்தை குறைவாக உள்ள பள்ளியில் இந்தப் பங்கு இன்னும் ஏறும். இது கற்பனைக் கணக்குதான்; எந்த முகாமின் உண்மை எண்ணும் அல்ல. உண்மை எண்ணைச் சொல்லும் நிலையில் நம்மில் யாரும் இல்லை, ஏனென்றால் யாரும் அளக்கவில்லை. அதுதான் என் ஆதங்கம். தவறுதலாகக் குடைந்து அடைத்த நிரந்தரப் பல் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த ஃபில்லிங் ஒருநாள் உடையும், அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கும், அதற்கடுத்து நரம்புச் சிகிச்சை. பன்னிரண்டு வயதில் தொடங்கும் இந்த வரிசை ஐம்பது வயதிலும் முடியாது.

மறுபக்கம், விட்டுவிட்ட அந்தப் பன்னிரண்டு. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் விட்டுவிடுவது ஏன் எளிது என்பதை நீங்கள் அறிவீர்கள். பெற்றோரும் படிக்கக்கூடிய மடல் என்பதால் சொல்கிறேன். பால் கடைவாய்ப் பற்கள் இரண்டும் அகலமாக ஒட்டிக்கொண்டு நிற்பவை. சொத்தை அந்த இடுக்கில்தான் பெரும்பாலும் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் பல் முழுசாகத் தெரியும். விளிம்பு உடைந்து வெளியே தெரியும் நாளில் உள்ளே நரம்பு வரை அழற்சி போயிருப்பது சாதாரணம், ஏனென்றால் பால் பல்லின் எனாமலும் டென்டினும் மெல்லியவை. பைட்விங் எக்ஸ்ரே இல்லாமல் அந்த இடுக்கைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. முகாமில் எக்ஸ்ரே கிடையாது. ஆனால் நம் படிவத்தில் 'சொத்தை', 'நலம்' என்ற இரண்டே கட்டங்கள். 'பார்த்துச் சொல்ல இயலவில்லை' என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருந்தால், எத்தனை இடுக்குகளை நாம் பார்க்காமலே நலம் என்று எழுதுகிறோம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

கல்லூரிக்கு வந்து எக்ஸ்ரே எடுத்த பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. பெரியவர்களின் பல்லைப் பார்த்துப் பழகிய கண், படத்தில் வேர் நுனியைத் தேடும். பால் கடைவாய்ப் பல்லில் தொற்று முதலில் தெரிவது பெரும்பாலும் வேர்கள் பிரியும் இடத்தில். நுனி சுத்தமாக இருக்கிறது என்று ஃபில்லிங் போட்டு அனுப்பினால், சில வாரத்தில் ஈறில் கொப்புளத்தோடு பிள்ளை திரும்பி வருகிறது. வலியைப் பற்றிக் கேட்டறிவதும் இங்கே வேறு மாதிரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு 'இரவில் துடிக்கிறதா, குளிர்ந்தது பட்டால் கூசுகிறதா' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதற்காகவே பெற்றோரிடம் கேட்கும் ஒரு கேள்விப் பட்டியல் செய்தார்கள்: பிள்ளை ஒரே பக்கமாக மெல்கிறதா, சாப்பிடும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறதா, முன்பல்லை விட்டுக் கடைவாய்ப் பல்லால் கடிக்கிறதா, பிடித்த தின்பண்டத்தையே தள்ளிவிடுகிறதா. 'எம் பிள்ளைக்குச் சோறே இறங்கமாட்டேங்குது டாக்டர்' என்று அம்மா சொல்வது சில வேளைகளில் பல்வலியின் ஒரே அறிகுறி. முகாமில் அம்மா இல்லை. அந்தத் தகவலும் இல்லை. ஆகவே முகாமில் 'வலி இல்லை' என்று எழுதுவதன் தரம் என்ன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஆறு வயதுப் பல். நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவது, எந்தப் பால் பல்லும் விழாமல், பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. வீட்டில் அதைப் பால் பல் என்றே நினைத்து 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். நம் சீட்டில் '36' என்று எண் போட்டு எழுதினால் பெற்றோருக்குப் புரியாது. எண்ணே போடாமல் 'மல்ட்டிபிள் கேரிஸ், ரெஃபர்டு' என்று எழுதினால் அடுத்த மருத்துவருக்கும் புரியாது. இரண்டாவது வகைச் சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தப் பல், எந்தப் பக்கம், எந்த நிலை, இப்போது பரவுகிறதா என்று ஒன்றும் இல்லாத அந்த மூன்று சொற்களைச் சரியா தவறா என்று யாராலும் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாதபடி எழுதுவது நமக்கு வசதி, பிள்ளைக்கு அல்ல.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முகாமுக்குப் போகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதால் பிள்ளைகளின் பற்களில் வெள்ளையும் பழுப்புமான தடங்கள் ஏராளம். வெள்ளைத் தடம் மூன்று வகையில் வரலாம். ஃபுளோரோசிஸ் இடமும் வலமும் ஜோடியாக, பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். தொடக்கநிலைச் சொத்தை ஈறோரத்தில், அழுக்கு தங்கும் இடத்தில் இருக்கும். பரவும் நிலையில் பளபளப்பு இழந்து சொரசொரப்பாக இருக்கும். மூன்றாவது, முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் தாக்கும் எனாமல் குறைபாடு. அது ஓரம் வெட்டினாற்போலத் தெரியும், ஜோடியாக வர வேண்டியதில்லை, அந்தப் பல் சீக்கிரம் பொடிந்து உதிரும். 2001இல்தான் இதற்கு எம்.ஐ.எச். என்ற பொதுப் பெயரே வந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் நடப்பது என்ன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரைக் கொடுத்து ஃபுளோரோசிஸைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நிரந்தர முன்பற்களின் எனாமல் முதல் நான்கைந்து வயதுக்குள் உருவாகிவிடுகிறது, பல் ஏழெட்டு வயதில் வெளியே வருகிறது. அந்த நீரைப் பிறந்தது முதல் குடித்த பிள்ளைகளின் முன்பற்கள் இப்போது வெளியே வந்துவிட்டன. அவ்வளவு பெரிய திட்டம் பலித்ததா என்ற கேள்விக்கான பதில் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கும் நாம் சொத்தையை ஃபுளோரோசிஸ் என்றும் ஃபுளோரோசிஸைச் சொத்தை என்றும் மாற்றி எழுதினால், தண்ணீரைப் பற்றிய தீர்ப்பே பிழையாகிவிடும்.

கண்டறிதலின் வரையறை மாறினால் நாட்டின் எண்ணே மாறும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும், 12 வயதில் 53.8 விழுக்காட்டினருக்கும், 15 வயதில் 63.1 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் ஐயத்துக்கு இடமில்லாத குழி இருந்தால்தான் சொத்தை. 2000களின் தொடக்கத்தில் உருவான ஐ.சி.டி.ஏ.எஸ். முறை அப்படியல்ல, பல்லை உலர்த்திப் பார்த்தால் மட்டும் தெரியும் முதல் வெண்மையிலிருந்து பல்லையே விழுங்கிய குழி வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. அதே பிள்ளைகளை அந்த முறையில் பார்த்தால் எண்ணிக்கை எகிறும். இரண்டில் எது சரி என்று நான் வாதாட வரவில்லை. எதை வைத்துப் பார்த்தோம் என்று சீட்டில் எழுதுகிறோமா என்பதே என் கேள்வி. குழி விழும் முன் கண்டுபிடித்தால் ஃபுளோரைடு வார்னிஷும் உணவுப் பழக்க மாற்றமும் போதும், துளையிடவே வேண்டாம். ஆகவே குழந்தைகளிடத்தில் ஆறு படி முறையே பொருத்தம் என்பது என் கருத்து.

இதெல்லாம் நம் ஊரின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பல் மருத்துவத் தரத்தை அளக்கவென்றே அவர்களுடைய பல் மருத்துவர் சங்கத்தின் முயற்சியில் ஒரு கூட்டணி இயங்குகிறது. பத்தாவது பிறந்தநாளுக்குள் நிரந்தரக் கடைவாய்ப் பற்களுக்கு சீலன்ட் போடப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், ஃபுளோரைடு பூசப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அந்தக் கணக்கு காப்பீட்டுப் பில்களிலிருந்து வருகிறது. பல் மருத்துவப் பில்லில் செய்த வேலைக்குக் குறியீடு இருக்கும். ஏன் செய்தோம் என்ற நோயறிதலுக்குக் குறியீடு பெரும்பாலும் இருக்காது. சீலன்ட் போட்டதை எண்ணலாம். அந்த சீலன்ட்டுக்குக் கீழே இருந்த பல் நல்ல பல்தானா என்று எண்ண முடியாது. நம் புறநோயாளிப் பதிவேடும் இதே நோயால் பாதிக்கப்பட்டதுதான். 'செய்த சிகிச்சை' என்ற கட்டம் நிரம்பி வழிகிறது, 'கண்டறிந்த நோய்' என்ற கட்டத்தில் ஒரு 'மேற்படி' குறி. பயிற்சி மருத்துவர்களுக்கு இத்தனை ஃபில்லிங், இத்தனை பல் பிடுங்கல் என்று கோட்டா வைக்கிறோம். ஃபில்லிங் வேண்டாம் என்று சரியாகக் கண்டறிந்ததற்கு எந்தக் கோட்டாவிலும் மதிப்பெண் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்ணில் சொத்தை அதிகம் படுகிறது என்று குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரி, உண்மை எது என்று யார் சொல்வது? இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போனாலும் இருவரும் சேர்ந்தே தவறலாமே. நியாயமான கேள்வி. இதற்கு நம்மிடம் எட்டும் தூரத்தில் இருக்கும் சான்று, அனுப்பிவைத்த பிள்ளையின் பல்லைத் திறந்து பார்த்த மருத்துவர் கண்டது. முகாமில் டென்டின் வரை என்று எழுதிய பல்லில் சிகிச்சையின்போது எதுவரை போயிருந்தது? நரம்பு பாதிக்கப்படவில்லை என்று எழுதியதில் எத்தனையில் சீழ் இருந்தது? அந்தப் பதில் கல்லூரியின் இன்னொரு மாடியில் இன்னொரு துறையின் பதிவேட்டில் கிடக்கிறது. சீட்டு கொடுத்த மருத்துவருக்கு அது ஒருபோதும் திரும்பி வருவதில்லை. தன் கணிப்பு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆயிரம் வாய்களைப் பார்த்தாலும் ஒருவர் கண் தேறாது. இந்த ஒரு கம்பியை இணைத்தாலே போதும் என்று சில நேரம் எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கம், 'நலம்' என்று அனுப்பிய பிள்ளை ஓராண்டுக்குள் கன்னம் வீங்கி வந்தால் அதைப் பெயர் போடாமல் தனியே குறித்துவைக்க வேண்டும். அப்படி வருகிற ஒவ்வொரு பிள்ளையும் நாம் உட்கார்ந்து பேசவேண்டிய பிள்ளை.

பிள்ளைகளின் பல் மருத்துவத்துக்கு மட்டும் வாய்த்த ஒரு சான்றும் இருக்கிறது. பால் பல் தானாகவே விழுகிறது. பெரியவரின் பல்லை அறுத்துப் பார்க்க வேண்டுமானால் பிடுங்க வேண்டும். பிள்ளையின் உடம்போ அதை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. நம் வீடுகளில் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிகிற அந்தப் பல்லை, பெற்றோர் மனமுவந்து கொடுத்தால், கல்லூரி ஆய்வகத்தில் நறுக்கிச் சொத்தை எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று உருப்பெருக்கியில் பார்க்கலாம். பரிசோதித்த நாளுக்கும் விழுந்த நாளுக்கும் இடையே நோய் வளர்ந்திருக்கும் என்பது உண்மை. விழப்போகும் நிலையில் ஆடும் பற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளி சில வாரங்களாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு ஒப்பீடு செலவே இல்லாமல் நம் மடியில் கிடக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் போகிறது. அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல்லும் உண்டு. அவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். அதே ஆண்டில் அதே பள்ளிக்கு நாமும் போகிறோம். ஒரே பிள்ளையை இரண்டு குழு பார்த்து இரண்டு பதிவு எழுதியும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் இல்லை. பார்த்தால் அந்தக் குழுவின் மருத்துவருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தெரியும். அங்கன்வாடியில் இரண்டு வயதுப் பிள்ளையின் மேல் முன்பற்கள் ஈறோரம் வெளுத்து, கீழ் முன்பற்கள் மட்டும் நன்றாக இருந்தால், இரவில் பால் புட்டியோடு தூங்குகிறதா என்று கேட்க வேண்டும் என்பதை அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாம் ஒன்றாம் வகுப்பில் போய்ப் பார்க்கும்போது அந்தப் பற்கள் கரைந்து வேர் மட்டும் நிற்கும்.

அளப்பதைக் கண்டு பயம் வருவது இயல்பு. கப்பா குறைந்தவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் துறைத் தலைவர் ஒருவர் இருந்தால் போதும், மறுநாளே எல்லோரும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். எண் உயரும், கண்டறிதல் சரியும். ஆகவே துறைத் தலைவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: இந்த எண்ணைச் சம்பளத்தோடோ, உள்மதிப்பெண்ணோடோ, அங்கீகாரத்துக்கான கோப்போடோ சேர்க்காதீர்கள். அது பரிசோதித்தவருக்கும் அவருக்குக் கற்றுக்கொடுப்பவருக்கும் இடையே இருக்கட்டும். இருவர் மாறுபட்ட பற்களை மட்டும் எடுத்துப் படம் போட்டு மறுநாள் காலை பேசுங்கள். கற்றல் அங்கேதான் நடக்கும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். நான்கு மருத்துவர்கள் மூன்று மணி நேரத்தில் 300 பிள்ளைகளைப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் 24 நொடி. உட்காரவைப்பது, பெயர் கேட்பது, எழுதுவது எல்லாம் அதற்குள். 24 பற்களின் எல்லாப் பக்கங்களையும் அந்த நேரத்தில் பார்க்க மனிதரால் ஆகாது. 300க்குப் பதில் 100 பேரைப் பாருங்கள் என்று அனுப்பிவைப்பவர்கள் சொல்ல வேண்டும். அறிக்கையில் எண் சிறுத்தால் சிறுக்கட்டும். பிரஷ்ஷைக் கொடுத்துப் பிள்ளைகளை முதலில் பல் துலக்கவைத்து, பஞ்சால் துடைத்து, தலையில் மாட்டும் விளக்கோடு பார்த்தால் பாதிப் பிழை குறையும். கூரான எக்ஸ்ப்ளோரரைப் பள்ளத்தில் குத்தி ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்போதுதான் முளைத்த பல்லின் இளகிய எனாமலை அது உடைக்கிறது என்று 1980களிலேயே காட்டிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கருவியின் முனையில் கூர் இல்லை, அரை மில்லிமீட்டர் உருண்டைதான் இருக்கிறது.

சிகிச்சை முறைகளைப் பற்றி நாம் மாநாடுகளில் நிறையவே விவாதிக்கிறோம். பிரிட்டனில் 1,144 பிள்ளைகளை வைத்து நடந்த ஃபிக்ஷன் என்ற ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. பால் பல் சொத்தையைக் குடைந்து அடைப்பது, குடையாமல் உள்ளேயே மூடிவிடுவது, தடுப்பு முறைகள் மட்டும் என்ற மூன்று வழிகளிலும் வலியோ தொற்றோ வந்த பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவு, பத்தில் நான்கு பேர். அந்த ஆய்வில் சேரும்போதே எல்லாப் பிள்ளைகளுக்கும் டென்டின் வரை சொத்தை இருந்தது. அதற்கும் முன்னால், வெண்மையாக இருந்த நாளில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு கல்லூரி, ஒரு பள்ளி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் என்று தொடங்கலாம். பத்தில் ஒரு பிள்ளையை அன்றே இன்னொருவர், முதல் தாளைப் பார்க்காமல், மறுபடி பரிசோதிக்கட்டும். பல் எண், பக்கம், நிலை, பரவுகிறதா அடங்கியதா என்ற நான்கும் எழுதிய பிறகே 'செய்ய வேண்டியது' என்ற கட்டத்துக்குப் போகலாம். 'சொல்ல இயலவில்லை' கட்டம் கட்டாயம் வேண்டும். பெற்றோருக்கான சீட்டு தமிழில், வாயின் படத்தில் அந்தப் பல்லை வட்டமிட்டுக் காட்டியபடி இருக்கட்டும். கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் பல்லில் கண்டதை டிசம்பருக்குள் முகாம் மருத்துவருக்குத் திருப்பி அனுப்புங்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுக்கும் அறிக்கையில் பார்த்த எண்ணிக்கைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி: மறுபரிசோதனை செய்த பிள்ளைகள் இத்தனை பேர், கப்பா இவ்வளவு. படிவத்தின் முதல் வரைவு என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். இரண்டாவது பரிசோதகர் கிடைக்கவில்லை என்றால் நானே வருகிறேன். என் தாளையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து ஒப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவராக,
ஒரு பொதுச் சுகாதாரப் பல் மருத்துவர்